கழிக்கரையில் முப்பத்தாறு படங்கள்



புதிதாகக் காமிரா வாங்கியவருடைய வீட்டில் முதல் மாதம் நடப்பதை நாம் பலரும் கண்டிருக்கிறோம். அந்த மனிதர் விடியுமுன் எழுந்துவிடுகிறார். சூரியோதயத்தைப் படம் பிடிக்கிறார். புல்நுனியில் நிற்கும் பனித்துளியைப் படம் பிடிக்கிறார். மின்கம்பியில் அமர்ந்த காக்கையையும் விட்டுவைப்பதில்லை. இரண்டாம் மாதத்தில் இந்த ஊக்கம் ஞாயிற்றுக்கிழமைகளோடு நின்றுவிடுகிறது. ஆறாம் மாதத்தில் காமிரா பீரோவுக்குள் பட்டுப்புடவைகளுக்கு அடியில் உறங்கத் தொடங்குகிறது. ஆரம்ப சூரத்தனம் என்று நம் பெரியோர் சொல்லும் குணத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நம்மிடையே இந்த உறக்கத்துக்கு ஒரு தனி முறை உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் வாங்கும்போது காமிரா விழித்துக்கொள்ளும். பத்து நாள் விடுமுறையில் ஆறும் கோபுரமும் பனைமரமும் வயல்வரப்பும் நூற்றுக்கணக்கில் படமாகும். திரும்பி வந்ததும் மறுபடியும் உறக்கம். "இங்கே எடுப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்போம். மும்பைக்குக் கிழக்கே, தாணே கழியின் கரையிலுள்ள கோபர்கைரனேயில் குடியிருந்துகொண்டு நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன். ஒரு மழைக்காலத்தில் காமிராவை எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் சிலந்திவலைபோலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. காற்றிலுள்ள ஈரம், பயன்படாத கண்ணாடியைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது. பயன்படாத கண்ணுக்கும் இதுவே நேரும் என்று அன்றைக்குத் தோன்றிற்று.

நிலக்காட்சிகளைப் படமெடுப்பதில் ஊக்கம் குன்றாமல் இருப்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். வழி ஒன்றுதான். நமக்கு நாமே ஒரு வேலையை விதித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை எத்தகையது, அதை எவ்வாறு அமைத்துக்கொள்வது, அதனால் என்ன கிடைக்கும் என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஊக்கம் குன்றுவது ஏன்?

முதற் காரணம், எல்லையின்மை. உலகத்தில் எதை வேண்டுமானாலும் படமெடுக்கலாம் என்ற நிலையில், எதையுமே எடுக்க மனம் எழுவதில்லை. நாற்பது பண்டங்கள் பரிமாறிய இலையின் முன் அமர்ந்தவன் எதில் கை வைப்பது என்று திகைப்பதைப் போன்றது இது.

இரண்டாவது, ஒப்பீடு. பிறர் இமயமலையிலும் லடாக்கிலும் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, நம் தெருமுனையைப் பார்த்தால் அது அற்பமாகத் தெரிகிறது. நல்ல படத்துக்குத் தொலைவான இடம் வேண்டும் என்று நம்பிவிடுகிறோம். தொலைவுக்குச் செல்லப் பணமும் விடுப்பும் இல்லை. ஆகையால் படமும் இல்லை.

மூன்றாவது, புகழுக்காகக் காத்திருப்பது. ஒரு படத்தை நாலு பேர் மெச்சினால் நாலு நாள் மகிழ்ச்சி; மெச்சாவிட்டால் அடுத்த படம் எடுக்கத் தோன்றுவதில்லை. ஊக்கத்தின் திறவுகோலைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, நாம் வாசலில் நிற்கிறோம்.

சொந்தமாக ஒரு திட்டத்தை வகுத்துக்கொள்வது இம்மூன்றுக்கும் மருந்தாகும். அத்தகைய திட்டத்துக்கு எல்லை உண்டு. அது அருகிலேயே நடக்கும். அது முடிந்ததா இல்லையா என்பதை நாமே அறிவோம். நம் வீட்டுப் பெண்கள் ஒரு மண்டலம் விளக்கேற்றுவதாக நேர்ந்துகொண்டால், 48 நாளும் இடைவிடாமல் செய்து முடிக்கிறார்கள். அந்த விளக்கைப் பார்த்து யாரும் கைதட்டுவதில்லை. நாள் எண்ணிக்கையே அவர்களை நடத்திச் செல்கிறது. கலைக்கும் அத்தகைய ஒரு நோன்பு வேண்டும்.

மூவர் செய்தது

ஜப்பானிய ஓவியர் ஹொகுஸாய் எழுபது வயதை ஒட்டிய பருவத்தில், 1830ஆம் ஆண்டையொட்டி, ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்னும் அச்சோவிய வரிசையைத் தொடங்கினார். மலை ஒன்றே. அதைக் கடலலையின் நடுவிலிருந்தும், வயலிலிருந்தும், மரம் அறுப்போரின் பட்டறையிலிருந்தும் பார்த்தார். முப்பத்தாறு முடிந்த பிறகும் அவருடைய ஆசை அடங்கவில்லை. மேலும் பத்துச் சேர்ந்து, வரிசை நாற்பத்தாறு ஆயிற்று. வேலையின் எல்லை அவரைக் கட்டிப்போடவில்லை. எல்லையைத் தாண்டும் வலிமையையே அது கொடுத்தது.

செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் யோசஃப் சூடெக் முதல் உலகப் போரில் வலக் கையை இழந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது பிராக் நகரம் பிறர் ஆதிக்கத்தில் இருந்தது. அந்த நாட்களில் அவர் தம் தொழிற்கூடத்தின் ஜன்னலையே படமெடுக்கத் தொடங்கினார். கண்ணாடியில் படியும் ஆவி, உறைபனி, அதற்கப்பால் மங்கலாகத் தெரியும் ஒரு வளைந்த மரம் ஆகிய இவையே பொருள். 1940 முதல் 1954 வரை அந்த ஜன்னல் அவருக்கு அலுக்கவில்லை.

மூன்றாமவர் நம்மவர். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரும் இயற்கை ஆர்வலருமான மா. கிருஷ்ணன் 1912இல் பிறந்தவர். வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைக் குறிப்புப் பத்தி, இரு வாரத்துக்கு ஒரு முறை, 1996இல் அவர் மறையும் வரை வெளிவந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! யானையையும் காட்டெருமையையும் மட்டுமே நம்பியிருந்தால் அத்தனை ஆண்டு எழுதியிருக்க முடியாது. சென்னையில் வீட்டைச் சுற்றித் திரிந்த காகமும் அணிலும் கீரியும் அவருக்குப் பொருளாயின. இரு வாரத்துக்கு ஒரு முறை ஏதேனும் சொல்லியாக வேண்டும் என்ற கடமை, அண்டையிலிருப்பதைக் கூர்ந்து பார்க்கும் கண்ணைக் கூர்மைப்படுத்தியே தீரும்.

நிலமும் பொழுதும்

இனி நம் திட்டத்துக்கு வருவோம். அதற்குரிய அச்சை நம் இலக்கணமே வார்த்துத் தந்திருக்கிறது. அகப்பொருளுக்கு முதற்பொருளாவன நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. நிலம் மட்டும் முதற்பொருள் ஆகாது. பொழுதும் சேர்ந்தாக வேண்டும். நிலக்காட்சிப் புகைப்படத்துக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணத்தை நான் அறியேன். நிலம் நின்ற இடத்தில் நிற்கிறது. அதன் மேல் பொழுது வந்து வந்து போகிறது. படம் என்பது இரண்டும் கூடும் இடம்.

பொழுது இருவகை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெரும்பொழுது ஆறு. ஆவணியும் புரட்டாசியும் கார். அங்கிருந்து இரண்டிரண்டு மாதமாக எண்ணினால், ஆனியும் ஆடியும் முதுவேனிலாகும். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று சிறுபொழுது ஆறு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். எற்பாடு என்பது பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை, சூரியன் சாயும் நேரம்.

ஆறு பெரும்பொழுதை மேலிருந்து கீழாகவும் ஆறு சிறுபொழுதை இடமிருந்து வலமாகவும் எழுதிக் கட்டம் போடுங்கள். முப்பத்தாறு கட்டங்கள் கிடைக்கும். ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, ஓர் ஆண்டுக்குள் கட்டத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு படங்கள் எடுப்பதே திட்டம். இரண்டு மாதத்தில் ஆறு படங்கள் எடுத்தால் போதும். உத்தியோகத்துக்குப் போகிறவருக்கும் குடும்பம் நடத்துகிறவருக்கும் இது கூடாத காரியம் அன்று. காமிரா இல்லாவிட்டால் கைப்பேசியே போதும்.

இடம்: கோபர்கைரனே

எந்த இடமும் இதற்குப் பயன்படும் என்பதைக் காட்டுவதற்காக, யாரும் சுற்றுலாவுக்கு வராத என் ஊரையே எடுத்துக்கொள்கிறேன். மும்பையின் நெரிசலைக் குறைக்க எதிர்க்கரையில் ஒரு புதிய நகரம் அமைக்க வேண்டும் என்னும் யோசனையை சார்ல்ஸ் கொரியா, ஷிரீஷ் படேல், பிரவீணா மேத்தா ஆகிய மூவரும் 1960களின் நடுவில் முன்வைத்தார்கள். 1970இல் அதற்காக மகாராஷ்டிர அரசு சிட்கோ நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஆக்ரி, கோளி மக்களின் கிராமங்களும் அவர்களுடைய நெல்வயல்களும் உப்பளங்களும் இருந்த கரையில் நவி மும்பை எழுந்தது. அதன் ஒரு பகுதியே கோபர்கைரனே. தாணேயிலிருந்து வாஷிக்குச் செல்லும் ரயில் பாதையில் 2004இல் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் கழியைத் தாண்டி நவி மும்பைக்குக் குடிவந்தன.

இந்த ஊருக்கு மேற்கே கழி. கிழக்கே பார்சிக் குன்றுத் தொடர். நம் இலக்கணத்தில் சொன்னால் நெய்தலுக்கும் குறிஞ்சிக்கும் இடையே குடியிருக்கிறோம். கழியோரம் நெடுக அலையாத்திக் காடு. அதற்கப்பால் நீர், நீருக்கப்பால் விக்ரோளி, காட்கோபர் பக்கத்து உயர்ந்த கட்டடங்கள். கழியின் குறுக்கே மின்கோபுரங்கள் நடந்து செல்கின்றன. கிழக்கே குன்றின் விலாவில் கல்லுடைத்த தழும்புகள். அதன் அடிவாரத்தில் தொழிற்சாலைகள். முன்பு குப்பை கொட்டிய நிலம் இன்று நிசர்க உத்யான் என்ற பூங்காவாக இருக்கிறது. ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் இடையே, கழியின் மேற்குப் பகுதியை 2015இல் அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2022இல் தாணே கழி, ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

என் நிலை, குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடி. சொஸைட்டிச் செயலாளரிடம் காரணத்தைச் சொல்லிச் சாவி கேட்டேன். யாமத்திலும் வைகறையிலும் சேற்றுக் கரையில் தனியே நிற்பது தகாது. மாடியோ எந்நேரமும் பாதுகாப்பானது. ஜன்னலோ, பால்கனியோ, ரயில்நிலைய நடைபாலத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒரு திருப்பமோ உங்களுக்குக் கிடைக்கலாம். ஆறு சிறுபொழுதிலும் சென்றடையக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பதே முதல் விதி.

கட்டங்கள் கற்பித்தவை

முதல் வியப்பு ஆனி மாதத்தில் கிடைத்தது. இலக்கணம் அதை முதுவேனில் என்கிறது. ஆனால் கொங்கணக் கரையில் ஜூன் இரண்டாம் வாரத்தையொட்டித் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடுகிறது. ஆனி, ஆடி இரண்டும் இங்கே கொட்டும் மழை. முதுவேனில் என்று எழுதிய கட்டங்களில் எல்லாம் மேகமும் நீர்த்திரையும் வந்து அமர்ந்தன. அடுத்து வரும் காரில் மழை இடைவிட்டுப் பெய்கிறது. பச்சைப் பசேலென்ற பார்சிக் குன்றின்மீது மேக நிழல்கள் ஊர்ந்து செல்கின்றன. கூதிர்க் கட்டம் வரும்போது, தமிழகத்தில் ஐப்பசி அடைமழை. இங்கோ தெளிந்த வானமும் கடும் புழுக்கமும்! குன்றின் புல் மஞ்சளாகத் தொடங்கும். முன்பனியில் புகையும் தூசியும் கலந்த மூட்டம் எதிர்க்கரையை மறைத்துவிடும். பின்பனியில் குன்று பழுப்பேறும். இளவேனிலில் தெருவெங்கும் சரக்கொன்றையும் குல்மோஹரும் பூத்து எரியும்.

இத்தனை ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும், ஊரிலிருந்து கொண்டுவந்த பருவக் கணக்கையே மனத்தில் வைத்திருந்தேன் என்பதை அந்தக் கட்டங்கள்தாம் எடுத்துக்காட்டின. பழைய கணக்கு பிழையன்று. அது வேறு மண்ணின் கணக்கு. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவனுக்கு இரண்டு மண்ணும் விளங்கும்.

இரண்டாவது வியப்பு, சூரியன் மறையும் இடம். ஒரே மூலையில் நின்று எடுத்த மாலைப் படங்களை வரிசைப்படுத்தினேன். மார்கழியில் செம்பூர்ப் பக்கமாக இறங்கிய சூரியன், மாதந்தோறும் வடக்கே நகர்ந்து, பருவமழைக்கு முன்னே காஞ்சூர்மார்க் பக்கத்துக்குப் போய்விட்டது. இந்த அட்சரேகையில் தென்கோடி மறைவுக்கும் வடகோடி மறைவுக்கும் இடையே சுமார் 50 பாகை இருக்கிறது. உத்தராயணம் என்ற சொல்லை நாம் பொங்கலன்று பஞ்சாங்கத்தில் படித்திருக்கிறோம். அதைக் கட்டட உச்சிகளின்மேல் அடையாளம் வைத்துக் கண்ணால் பார்ப்பது வேறு இன்பம்.

மூன்றாவது, கழியின் ஏற்றமும் வற்றமும். நாளைக்கு இருமுறை கடல்நீர் கழிக்குள் ஏறி, இருமுறை வடிகிறது. அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் பிந்துகிறது. மராத்தியில் ஏற்றத்தை பரதி என்றும் வற்றத்தை ஓஹோட்டி என்றும் சொல்கிறார்கள். இக்கரை மக்களிடையே ஒரு சுலபமான கணக்கு வழங்குகிறது. வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும், அன்றைய திதி எத்தனையாவது என்று பார்த்து அதை முக்காலால் பெருக்கினால், ஏற்றம் உச்சமடையும் மணி ஏறக்குறையத் தெரிந்துவிடும். சதுர்த்தி என்றால் 3 மணி. அஷ்டமி என்றால் 6 மணி. துவாதசி என்றால் 9 மணி. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பின் வற்றம்.

நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரிக் காலண்டரில் திதி அச்சிட்டிருக்கிறது அல்லவா? விரதத்துக்கும் சிராத்தத்துக்கும் மட்டுமே நாம் பார்க்கும் அந்தத் தாளிலிருந்து, அஷ்டமி மாலையில் கழி நிறைந்து தளும்பும் என்றும், பௌர்ணமி, அமாவாசை மாலைகளில் நீர் வடிந்து சேறு விரிந்து கிடக்கும் என்றும் முன்கூட்டியே அறியலாம். சேறு வெளிப்படும் நேரத்தில்தான் பூநாரைகள் இரை தேடுகின்றன. குளிர்காலத்தில் வந்து, மழைக்கு முன் திரும்பும் அந்தப் பறவைக் கூட்டம் மாடியிலிருந்து பார்க்க இளஞ்சிவப்பான ஒரு கோடுபோலத் தெரியும். பௌர்ணமியன்று மேற்கே சேற்றில் அந்திச் செம்மை படிந்திருக்கும்போதே, கிழக்கே பார்சிக் குன்றின்மேல் முழுநிலா எழும். ஒரே மாடியில் திரும்பி நின்றால் இரண்டு படங்கள்! இந்தக் கணக்கு படத்துக்கு நேரம் பார்க்க மட்டுமே உதவும். படகில் செல்லவோ கரையில் இறங்கவோ நினைப்பவர், முறையாக வெளியிடப்படும் ஏற்றவற்ற அட்டவணையையே பார்க்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

திட்டத்தைத் தொடங்குவோருக்குச் சில நடைமுறைகளைச் சொல்லுகிறேன்.

நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இடுங்கள். படத்தின் ஓரத்தில் நிலையான ஒரு பொருள், ஒரு நீர்த்தொட்டியோ மின்கோபுரமோ, எப்போதும் ஒரே இடத்தில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுவே அளவுகோல்.

ஒரே லென்ஸைப் பயன்படுத்துங்கள். கைப்பேசியானால், காட்சியை விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். கருவியை மாற்ற முடியாது என்று தெரிந்த பிறகுதான் ஒளியைக் கவனிக்கத் தொடங்குவோம்.

யாமத்திலும் வைகறையிலும் முக்காலி வேண்டும். வெளிச்சம் குறைந்த வேளையில் காமிராவின் கண் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டியிருக்கும். கையில் பிடித்தால் படம் கலங்கும். முக்காலி இல்லாதவர், கைப்பிடிச் சுவரில் அரிசிப் பையை வைத்து அதன்மேல் காமிராவை அமர்த்தலாம்.

மழைக்காலத்தில் காமிராவைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அதைவிட நல்ல பாதுகாப்பு, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நாள், திதி, மணி, வானநிலை இவற்றோடு ஒரு வாக்கியமும் எழுதுங்கள். "எதிர்க்கரை தெரியவில்லை, குக்கர் சத்தம், மூன்றாம் மாடியில் யாரோ இருமுகிறார்கள்" என்பதும் குறிப்புத்தான். பிற்காலத்தில் படத்தைவிட அந்த வாக்கியமே அதிகம் பேசக்கூடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் தேர்ந்த படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். காலியான கட்டம் கண்ணெதிரே இருந்தால் அதுவே நம்மை மாடிக்கு அனுப்பும்.

அலையாத்திக் காட்டுக்குள் படத்துக்காக இறங்க வேண்டாம். சேறு ஆழமானது. அந்த மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. 2005ஆம் ஆண்டின் ஆணையாலும் 2018ஆம் ஆண்டின் தீர்ப்பாலும் மும்பை உயர்நீதிமன்றம் அவற்றை அழிப்பதைத் தடுத்திருக்கிறது. பறவைகளைப் பறக்கவிட்டுப் படமெடுப்பதும் கூடாது. அவை உண்ணும் நேரம் கொஞ்சம்; நாம் அதைப் பறிக்கலாகாது.

நடுவில் வரும் சோர்வு

இத்தனை விதித்துக்கொண்ட பிறகும் நடுவில் சோர்வு வரத்தான் செய்யும். ஐந்தாம் மாதத்தில் எனக்கு வந்தது. எடுத்த படங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றின. அதே நீர்த்தொட்டி, அதே மின்கோபுரம், அதே மூட்டம். அந்த நேரத்தில் திட்டத்தை மாற்றிவிட ஆசை எழும். மாற்றக் கூடாது. காட்சி தீர்ந்துபோனதால் வருவதன்று இந்தச் சலிப்பு. முதற்பார்வை தீர்ந்துபோனதால் வருவது. இரண்டாம் பார்வை அதற்குப் பிறகே தொடங்குகிறது. மூட்டம் என்று ஒரே பெயரால் நான் அழைத்துவந்தது, காலையில் நீலமாகவும் எற்பாட்டில் செம்மண் நிறமாகவும் இருப்பதை ஆறாம் மாதத்தில்தான் கண்டேன்.

கட்டம் தவறிப்போனால் வருந்தாதீர்கள். முதல் ஆண்டில் எனக்கு 29 கட்டங்களே நிரம்பின. காலியாக நின்ற ஏழில் ஐந்து, மழைக்காலத்துக்குரியவை. அந்த வெற்றிடங்களை நிரப்புவதற்காகவே இரண்டாம் ஆண்டு தொடங்கிற்று. முழுவதும் நிரம்பியிருந்தால், ஒருவேளை காமிரா மறுபடியும் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போயிருக்கும்.

ஓர் ஆண்டு அதிகம் என்று தோன்றுவோர் ஒரு மண்டலம் செய்து பார்க்கட்டும். 48 நாள், ஒரே ஜன்னல், ஒரே மணி, நாளைக்கு ஒரு படம். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வதும் நன்று. நாக்பூரிலோ சூரத்திலோ பெங்களூரிலோ இருக்கும் தங்கையோ பழைய பள்ளித் தோழரோ அதே நாளில் அதே பொழுதில் தம் ஜன்னலைப் படமெடுத்து அனுப்பட்டும். வைகறை என்ற ஒரே கட்டத்தில் இரண்டு ஊர்கள் சந்திக்கும்.

படமும் சாட்சியும்

இவ்வாறு சேரும் படங்கள் அழகுக்கு மட்டும் உரியவை அல்ல. 1977இல் அமெரிக்காவில் மார்க் கிளெட் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அந்நாட்டின் மேற்குப் பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளந்தவர்கள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில், அதே கோணத்தில், இயன்றவரை அதே ஒளியில் நின்று நூற்றுக்கும் மேற்பட்ட காட்சிகளை மீண்டும் எடுத்தார்கள். எது மாறிற்று, எது மாறவில்லை என்பதற்கு வாய்ச்சொல் வேண்டாத சாட்சியாக அவை நின்றன.

ஊர் விடுமுறைக்கும் இந்த முறை பயன்படும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராயிருந்த லின்னியஸ் டிரைப் என்ற ஆங்கிலப் படைத்தலைவர், 1857-58இல் திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் படமெடுத்தார். மதுரை விளக்குத்தூணையும் அவர் எடுத்திருக்கிறார். மதுரைக்காரர் அடுத்த விடுமுறையில் அந்தப் படத்தின் நகலோடு அதே இடத்தில் நின்று பார்க்கலாம். அவ்வளவு பழமை வேண்டாம் என்றால், தாத்தா காலத்து ஆல்பத்தில் வாய்க்காலும் களமும் பின்னணியில் தெரியும் ஒரு குடும்பப் படம் இருக்குமே, அது போதும். ஆண்டுதோறும் அதே இடத்தில் ஒரு படம் எடுத்தால், பத்து நாள் விடுமுறைக்கும் ஒரு நோக்கம் ஏற்படும்.

நாம் குடியிருக்கும் ஊர் அதைவிட விரைவாக மாறுகிறது. என் மாடிப் படங்களில், முதல் ஆண்டு மேற்கே தெரிந்த கழியின் ஒரு பகுதியை, மூன்றாம் ஆண்டு ஒரு புதிய கட்டடம் மறைத்துவிட்டது. அங்கே நீர் தெரிந்தது என்று இன்று நான் சொன்னால் அண்டை வீட்டார் நம்பமாட்டார்கள். படத்தைக் காட்டினால் நம்புகிறார்கள். இந்தக் கழியைப் பற்றி நாளை யாரேனும் கேட்டால், கோளிகளும் ஆக்ரிகளும் தம் நினைவிலிருந்து சொல்வார்கள். நாமோ பிழைக்க வந்து இங்கேயே நிலைத்தவர்கள். நாம் பார்த்ததைச் சொல்ல நம்மிடம் எதுவும் இல்லாவிட்டால், இங்கே வாழ்ந்தோம் என்பதற்கே அடையாளம் இராது.

இறுதியாக ஒன்று. சென்ற ஆண்டு விடுமுறையில் தாமிரபரணிக் கரையில், படித்துறையில் அமர்ந்திருந்தோம். கோபர்கைரனேயில் பிறந்து வளர்ந்த என் மகன் வெகுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்பா, இந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு வடியும்?" என்று கேட்டான். இது வடியாது என்றேன். அவன் நம்பவில்லை. "இன்றைக்கு என்ன திதி?" என்றான்.

எனக்கு நீர் என்றால் ஓடுவது. அவனுக்கு நீர் என்றால் ஏறி இறங்குவது. அவனுடைய சொந்த ஊர் எது என்று அன்றுவரை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை அந்த ஆற்றின் எற்பாட்டுப் படம் ஒன்றை இருவருமாக எடுத்தோம். வீட்டுச் சுவரில், கழியின் முப்பத்தாறு படங்களுக்கு அடுத்து, அது முப்பத்தேழாவதாகத் தொங்குகிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் இருக்கிறது. நாளை வைகறையில் அதைத் திறந்து பாருங்கள். முதற் கட்டத்தை அங்கேயே தொடங்கலாம்.